அருவி விழாத நாளுக்கும் வாடகை

ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று திரும்பி, தென்காசிப் பேருந்து நிலையம் வரைக்கும் சாரல் எட்டிப் பார்த்துவிட்டால் குற்றாலத்தில் கடை போட ஆரம்பித்துவிடுவார்கள். பேரருவிக்குப் போகும் வழி, கோயிலைச் சுற்றிய இடங்கள், ஐந்தருவிச் சாலை, பழைய குற்றாலம் என்று எங்கு பார்த்தாலும் மூங்கிலும் தகரமும் தார்ப்பாயும். நேந்திரங்காய் சிப்ஸ், அல்வா, மங்குஸ்தான், ரம்புட்டான், துண்டு, உள்ளாடை, நல்லெண்ணெய் பாட்டில், பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான். இரண்டு மூன்று மாதத்துக்குள் ஒரு வருஷத்துச் சம்பாத்தியத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று வந்திருப்பவர்கள் இவர்கள்.

இடம் கொடுப்பவர்கள் சிலர்தான். குற்றாலநாதர் கோயில், அதாவது இந்து சமய அறநிலையத் துறை. அடுத்தது சிறப்பு நிலைப் பேரூராட்சி. மீதி தனியார். கோயில் இடமும் பேரூராட்சி இடமும் பெரும்பாலும் ஏலத்துக்கு வரும். சீசன் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாத நேரத்தில் தொகை முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு அருவி கொட்டினாலும் அதே தொகை, பாறை காய்ந்து கிடந்தாலும் அதே தொகை.

இது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்பதற்கு அதிக தூரம் போக வேண்டாம். கொரோனாவால் 2020, 2021 சீசன்கள் இரண்டிலும் அருவிகள் பூட்டிக் கிடந்தன. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் உயிரிழந்தான். அதைத் தொடர்ந்து அருவிகளில் குளிக்கத் தடை. நல்ல சீசனிலும் மலையில் மழை கூடினால் போலீஸ் கயிறு கட்டிவிடும். உயிரைக் காக்கும் அந்தத் தடையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் குளிக்க முடியாத நாளில் துண்டு யாருக்கு விற்கும்? தலையில் வைக்க எண்ணெய் யார் வாங்குவார்கள்? வண்டிகள் தென்காசியோடு திரும்பிப் போகும் அன்றைக்கும் வாடகை மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இதே சிக்கலுக்குச் சென்னையின் பெரிய மால்கள் ஒரு வழி வைத்திருக்கின்றன. அந்த வழியின் உயிர்நாடி, கடையில் தினமும் எவ்வளவு விற்றது என்ற ஒற்றைத் தகவல்.

2010-ல் திறந்த எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013-ல் வேளச்சேரியில் திறந்த பீனிக்ஸ் மார்க்கெட்சிட்டி, வடபழனி நெக்ஸஸ் விஜயா மாதிரியான வணிக வளாகங்களில் வாடகை ஒப்பந்தத்துக்கு இரண்டு கால்கள். ஒன்று, என்ன ஆனாலும் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் 'எம்.ஜி.' என்பார்கள். இன்னொன்று, விற்பனையில் இத்தனை சதவீதம். இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு: எம்.ஜி. 60,000 ரூபாய், பங்கு 15 சதவீதம். மாதம் 3 லட்சத்துக்கு விற்றால் பங்கு 45,000தான் வரும். ஆகவே 60,000 கட்டிவிட்டுப் போக வேண்டியது. தீபாவளி மாதம் 6 லட்சத்துக்கு விற்றால் 90,000 கட்ட வேண்டும். 4 லட்சம் என்பது எல்லைக்கோடு. அதைத் தாண்டிய பிறகு கடைக்காரரின் லாபத்தில் மட்டுமல்ல, கவலையிலும் மால்காரர் பங்காளி.

2020 ஊரடங்கில் மால்கள் மூடிக் கிடந்து மறுபடி திறந்தபோது, இந்தியாவெங்கும் பல கடைகள் நிலையான வாடகையைக் கட்ட முடியாது என்று கைவிரித்தன. பல மால்கள் சில மாதங்களுக்கு விற்பனைப் பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு கடைகளைக் காப்பாற்றின. கடை காலியானால் மால் செத்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த ஏற்பாடு சாத்தியமானது, விற்பனைக் கணக்கு கையில் இருந்ததால்தான். குற்றாலத்தில் அதே வருஷம் யாராவது கருணையோடு அப்படி ஒன்றைச் செய்ய நினைத்திருந்தாலும், எந்தக் கணக்கை வைத்துச் செய்திருப்பார்கள்?

மால் நிறுவனங்களுக்கு இந்தத் தரவு இப்போது வாடகைக்கு மட்டும் பயன்படுவதில்லை. பீனிக்ஸ் மில்ஸ் நிறுவனம் தன் மால்களில் உள்ள கடைகளின் மொத்த விற்பனையைக் காலாண்டுதோறும் பங்குச் சந்தைக்குச் சொல்கிறது; 2023-24 நிதியாண்டில் அது 11,000 கோடி ரூபாயைத் தாண்டியது. நெக்ஸஸ் செலக்ட் டிரஸ்ட் 2023 மே மாதம் பங்குச் சந்தையில் பட்டியலானது. வணிக வளாகங்களுக்கென்று இந்தியாவில் வந்த முதல் ரீட் (ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளை) அதுதான். வடபழனியில் விற்ற சட்டையும் தோசையும் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு முதலீட்டாளர் பார்க்கும் எண்ணுக்குள் போய்ச் சேர்கின்றன.

அந்த எண்ணை எப்படித் திரட்டுகிறார்கள் என்பதுதான் சுவாரசியமான பகுதி. வெளியிலிருந்து பார்த்தால் ரொம்ப எளிது போலத் தெரியும். கடை மூடும்போது மேலாளர் அன்றைய விற்பனையை மால் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே? ஒரு காலத்தில் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு மின்னஞ்சல், எக்ஸல், வாட்ஸ்அப். இருநூறு கடைகளிடமிருந்து இருநூறு செய்தி. ஒருவர் லட்சத்தில் சொல்வார், ஒருவர் ஆயிரத்தில் சொல்வார், ஒருவர் ஒரு சுழியை விட்டுவிடுவார், ஒருவர் மூன்று நாள் சேர்த்து அனுப்புவார். அத்தனையையும் ஓர் அலுவலர் உட்கார்ந்து ஒரே அட்டவணையில் ஏற்றி, மாதக் கடைசியில் கடைக்காரரின் கணக்கோடு ஒட்டிப் பார்க்கும்போது சண்டை ஆரம்பிக்கும்.

சண்டைக்கு முதல் காரணம் வரி. விற்பனை என்றால் ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? 5 சதவீத வரியோடு 10.5 லட்சம் பில் போட்ட உணவகத்தின் உண்மையான விற்பனை 10 லட்சம்தான். 15 சதவீதப் பங்கு என்றால், எந்தத் தொகையை எடுத்துக்கொள்கிறோம் என்பதில் மாதம் 7,500 ரூபாய் ஏறி இறங்குகிறது. அடுத்தது திரும்பி வந்த சரக்கு. வேளச்சேரியில் வாங்கிய சட்டையை அதே கம்பெனியின் வேறொரு கிளையில் மாற்றினால் எந்தக் கடையின் கணக்கில் கழிப்பது? ஸ்விக்கி வழியாகப் போன பிரியாணி மாலுக்குள் நடந்த வியாபாரமா, வெளியே நடந்ததா? கடையில் செருப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்று செல்போனில் ஆர்டர் செய்து வீட்டுக்கு வரவழைத்தால் அது யாருடைய விற்பனை? இரவுக் காட்சி விட்டு வந்தவர் 12 மணிக்கு மேல் வாங்கிய ஐஸ்கிரீம் எந்தத் தேதியில் ஏறும்?

இதற்கெல்லாம் பதிலை ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்துவிட்டு, பிறகு இயந்திரத்தைக் கொண்டுவருகிறவர்கள் தப்பிக்கிறார்கள். இயந்திரத்தைக் கொண்டுவந்துவிட்டால் தன்னால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள், பழைய சண்டையையே வேகமாகப் போட்டுக்கொள்கிறார்கள். இன்றைக்குப் பெரிய கடைகளின் பில்லிங் மென்பொருளும் மாலின் கணினியும் நேராகப் பேசிக்கொள்ளும்படி இணைத்துவிடுகிறார்கள். அப்படி இணைக்க முடியாத பழைய மெஷின் என்றால், பில் அச்சாகும் பிரிண்டருக்குப் போகும் தகவலையே நடுவில் படித்துக்கொள்ளும் சின்னக் கருவியைப் பொருத்துகிறார்கள். அதுவும் முடியாத சிறு கடைக்காரர், கடை மூடும்போது எடுக்கும் நாள் மொத்தத் தாளைப் படம் பிடித்து ஒரு செயலியில் ஏற்றுகிறார். எந்த வழியில் வந்தாலும் ஆண்டுக் கடைசியில் ஆடிட்டர் சான்றோடு ஒட்டிப் பார்ப்பார்கள். மனிதக் கையெழுத்து இன்னும் போய்விடவில்லை.

இவ்வளவு மெனக்கெடுவதால் கிடைக்கும் பெரிய பலன், கடை சாவதற்கு முன்பே நோய் தெரிந்துவிடுவது. வாடகை, விற்பனையில் எத்தனை சதவீதம் என்று மாதாமாதம் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த எண் ஏறிக்கொண்டே போகும் கடை பாக்கி வைக்கும் முன்பே அடையாளம் தெரியும். நல்ல மேலாளர் அப்போதே கூப்பிட்டுப் பேசுவார். வாடகைப் பாக்கி என்று கதவில் நோட்டீஸ் ஒட்டும் வரை காத்திருப்பது நிர்வாகம் ஆகாது.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். நம் வயல்கள் குத்தகைக்கும் விடப்பட்டன, வாரத்துக்கும் விடப்பட்டன. குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய நெல்லை அளக்க வேண்டும்; வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. அந்தப் பங்கு எவ்வளவு என்பதில் நிலக்காரர் வைத்ததே சட்டமாக இருந்தபோது, 1956-ல் நியாயக் குத்தகைச் சட்டம் வந்து வரம்பு கட்டியது. நன்செய்க்கு முதலில் 40 சதவீதமாக இருந்தது, பின்னர் 25 சதவீதமாகக் குறைந்தது. களத்தில் நெல்லை அளக்கும்போது இரண்டு தரப்பும் பக்கத்தில் நிற்பார்கள். அளவை ஒருவர் மட்டும் பார்த்தால் மற்றவருக்கு நம்பிக்கை வராது. இன்றைக்கு மால் கணினிக்கும் கடைக் கணினிக்கும் நடுவே இருப்பதும் அந்தக் களம்தான்.

சினிமாத் தியேட்டரும் அப்படித்தான். வசூலில் இத்தனை சதவீதம் விநியோகஸ்தருக்கு என்று பேசிவிட்டு, அவர் சார்பில் 'ரெப்' ஒருவர் தியேட்டரில் உட்கார்ந்து காட்சிக்குக் காட்சி டிக்கெட் எண்ணி டி.சி.ஆர். எழுதுவார். அந்தத் தினசரி வசூல் தாளை எல்லோரும் நம்பினார்களா என்று தமிழ்த் திரையுலகில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2018 மார்ச் 1 முதல் ஏப்ரல் வரை புதுப்படமே வெளியிடாமல் தயாரிப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, டிக்கெட் விற்பனை முழுவதையும் கணினிமயமாக்க வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. ஒரு தொழிலே ஒன்றரை மாதம் நின்றது என்றால், 'எவ்வளவு விற்றது' என்ற கேள்விக்கு எத்தனை கனம் இருக்க வேண்டும்!

ரயில்வேயையும் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்டேஷன் நடைமேடையில் டீயும் வடையும் விற்கும் கடையின் உரிமக் கட்டணத்தை அதன் விற்றுமுதலோடு முடிச்சுப் போடும் முறை ரயில்வேயில் உண்டு. அதனால் அந்தக் கடையில் எவ்வளவு ஓடுகிறது என்று மதிப்பிட வேண்டிய வேலை வணிகப் பிரிவு ஆய்வாளர்கள் தலையில் விழுகிறது. பில் தராவிட்டால் பணம் தர வேண்டாம் என்று எழுதிவைத்த பலகைகளைப் பயணிகள் பார்த்திருப்பார்கள். அது பயணியை அதிக விலையிலிருந்து காப்பதற்காக வைத்தது. ஆனால் ஒவ்வொரு பில்லும் கடையின் கணக்கில் ஏறும் ஒரு வரியாகவும் ஆகிறது. வாங்குகிறவர் கையில் ஒரு தாள் வந்தால்தான் விற்பனைக் கணக்கு உண்மையாகும் என்று ரயில்வே கண்டுகொண்ட இந்தப் பாடம், எந்த மென்பொருளைவிடவும் பெரியது.

இனி குற்றாலத்துக்கே திரும்பலாம்.

சிப்ஸ் கடை ஒன்றைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தோல் சீவிய நேந்திரங்காயை, கொதிக்கும் எண்ணெய்க்கு நேர் மேலே சீவுபலகையைப் பிடித்துக்கொண்டு வட்டம் வட்டமாகச் சீவுகிறார் மாஸ்டர்; வில்லைகள் நேராக எண்ணெயில் விழுகின்றன. ஒரு கரண்டி உப்புத் தண்ணீரை ஊற்றியதும் சட்டி சடசடவென்று பொங்கி அடங்குகிறது. அரித்து எடுத்துக் கொட்டியதும், ஈரத் தலையோடு நிற்கும் கூட்டம் கையை நீட்டுகிறது. "அண்ணாச்சி, கால் கிலோ." "அண்ணாச்சி, எனக்கு அரைக் கிலோ, சூடா இருக்கதைப் போடுங்க." தராசு, பை, முடிச்சு, காசு. காசு என்பது பாதி நோட்டு, பாதி சவுண்ட் பாக்ஸின் குரல். கல்லாவில் இருப்பவர் கையிலும் எண்ணெய். இவரைப் பார்த்து, ஒவ்வொரு கால் கிலோவுக்கும் திரையைத் தொட்டுப் பில் போடுங்கள் என்று சொன்னால், கூட்டம் அடுத்த கடைக்குப் போய்விடும்.

ஆகவே குற்றாலத்தில் தரவு திரட்டும் இடம் பில் மெஷின் அல்ல, தராசுதான். சிப்ஸ், அல்வா, பழம் எல்லாமே எடைக் கணக்கு. எடையளவுத் துறை முத்திரை வைக்கும் மின்னணுத் தராசு ஏற்கெனவே எல்லாக் கடையிலும் இருக்கிறது. விலையை ஒருமுறை பதித்துவிட்டால் எடையைப் பெருக்கித் தொகை சொல்லும் தராசும், சின்னச் சீட்டு அச்சடிக்கும் தராசும் சந்தையில் கிடைக்கின்றன. பெரிய நாலு பொத்தான்: நேந்திரம், மரவள்ளி, அல்வா, மற்றவை. பையை வைத்ததும் ஒரு தட்டு. அந்த நாளின் மொத்தம் இரவு தன்னால் தயார். சாரலில் நனையாத உறை வேண்டும். மின்சாரம் போனாலும் ஓட வேண்டும். கூட்டம் நெரியும் ஞாயிற்றுக்கிழமைகளில் செல்போன் சிக்னல் திணறும் என்பதால், கணக்கைத் தனக்குள் வைத்திருந்து பிறகு அனுப்பும் வசதி வேண்டும். இவை மூன்றும் இல்லாத எந்தக் கருவியும் இங்கே ஒரு வாரம் தாங்காது.

துண்டும் பொம்மையும் விற்கும் கடைக்குத் தராசு உதவாது. அங்கே கொள்முதல் பில்லை வைத்துத் தோராயம் பார்க்கலாம், அல்லது அந்த வகைக் கடைகளைப் பழைய முறையிலேயே விட்டுவிடலாம். எல்லாக் கடையையும் ஒரே சட்டத்துக்குள் அடைக்க வேண்டும் என்ற பிடிவாதம் அலுவலகங்களுக்கு எப்போதும் உண்டு. அதை முதலில் விட வேண்டும்.

மென்பொருளுக்கு எங்கே போவது என்ற கேள்விக்குத் தென்காசிக்காரர்கள் சிரிப்பார்கள். குற்றாலத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ 2011 முதல் இயங்குகிறது. கணக்குப் புத்தகம், சரக்கு இருப்பு, படிவம், சொந்தச் செயலி கட்டும் கருவி என்று உலகமெங்கும் விற்கும் பொருள்கள் அந்த நிறுவனத்துடையவை. சில்லறைக் கடைகளுக்கென்று ஜக்யா என்ற பில்லிங் மென்பொருளும் வைத்திருக்கிறார்கள். ஜோஹோவின் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு குடியிருப்பதும் இந்தப் பக்கம்தான். அவருடைய தம்பி குமார் வேம்பு சென்னையில் தொடங்கிய கோஃப்ரூகல், தமிழ்நாட்டின் எத்தனையோ சூப்பர் மார்க்கெட்டுகளில் பில் போடுகிறது. நெற்கட்டும்செவலிலும் பாவூர்சத்திரத்திலும் பிறந்த பிள்ளைகள் எழுதும் நிரலில் வெளிநாட்டுக் கடைகள் கணக்குப் பார்க்க முடியும் என்றால், பேரருவி வாசலில் இருக்கும் கடை மட்டும் ஏன் முடியாது?

ஆனால் தொழில்நுட்பம் இங்கே சின்னத் தடை. பெரிய தடை பயம். "யாவாரம் எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டால், "ஏதோ ஓடுது தம்பி" என்பதைத் தாண்டி எந்த வியாபாரியும் சொல்லமாட்டார். அந்த மௌனத்துக்குக் காரணம் இருக்கிறது.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அம்மாநில வணிகவரித் துறை யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு வரி நோட்டீஸ் அனுப்பியது. சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தையும் சேவை செய்பவருக்கு 20 லட்சத்தையும் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்பது சட்டம். துறை அதைத்தான் சொன்னது. ஆனால் ஹாவேரியில் காய்கறி விற்பவர் ஒருவருக்கு 29 லட்ச ரூபாய் நோட்டீஸ் போனது. காய்கறிக்கோ வரியே கிடையாது. பெங்களூரில் கடைகள் க்யூஆர் அட்டையைக் கிழித்துவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி வைத்தன. பால், காய்கறி மாதிரி விலக்குள்ள பொருளுக்கு வரி கேட்கமாட்டோம், பழைய பாக்கியை வசூலிக்கமாட்டோம் என்று முதலமைச்சரே சொல்லித்தான் கடையடைப்புப் போராட்டம் கைவிடப்பட்டது.

கைப்பேசிக்கு வந்த பணமெல்லாம் விற்பனை ஆகாது. மச்சான் திருப்பித் தந்த கைமாற்று, சீட்டுப் பணம், மகன் அனுப்பிய செலவுக் காசு எல்லாம் அதே அட்டையில்தான் விழுகின்றன. விற்பனை எல்லாமும் வரிக்குரியது ஆகாது. குற்றாலத்துக் கடையிலேயே ரம்புட்டான் பழத்துக்கு வரி இல்லை, பக்கத்துச் சட்டியில் பொரியும் சிப்ஸுக்கு உண்டு. 2016-ல் தொடங்கிய யுபிஐ 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனையைத் தாண்டியது. இந்த அளவுக்குத் தரவு குவிந்து கிடக்கும் நாட்டில், குற்றாலக் கடையின் விற்பனையை யுபிஐ வரவை வைத்து அளந்துவிடலாம் என்று எந்த அதிகாரிக்காவது தோன்றினால், அது பெங்களூர்த் தவற்றை அப்படியே இங்கே கொண்டுவருவதாகும். நோட்டு கொடுத்தவர்கள் கணக்கில் விடுபடுவார்கள், மச்சான் கணக்கில் ஏறிவிடுவார்.

வரி ஏய்க்க வழி செய்ய வேண்டும் என்பதல்ல இங்கே வாதம். கட்ட வேண்டியவர் கட்டத்தான் வேண்டும். ஆனால் வாடகைக்காகக் கொடுத்த எண், கொடுத்தவருக்குத் தெரியாமல் வேறு மேசைக்குப் போகக் கூடாது. எதற்காகத் திரட்டுகிறோம், யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்போம் என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தினசரி மொத்தம் போதும். யாருக்கு விற்றார், எந்த நேரத்தில் விற்றார் என்பதெல்லாம் நில உரிமையாளருக்குத் தேவையில்லை. அடுத்த கடைக்காரர் கண்ணில் அந்த எண் படவே கூடாது. போன சீசனில் இவருக்கு இவ்வளவு ஓடியது என்று வெளியே தெரிந்தால், அடுத்த ஏலத்தில் அந்த இடத்தைப் பறிக்க நாலு பேர் வருவார்கள். உழைத்து இடத்தைப் பெயர்பெற வைத்தவரே விரட்டப்படுவார்.

அறநிலையத் துறை கோயில் வாடகையை இணையத்தில் கட்டவும் கணினி ரசீது பெறவும் 2021-ன் பிற்பகுதியில் வசதி செய்தது. நல்ல காரியம். ரசீது கணினிமயமாகிவிட்டது. அந்த ரசீதில் இருக்கும் தொகை எப்படி வந்தது என்பது மட்டும் பழைய வழியிலேயே நிற்கிறது. 1959-ம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஏ பிரிவுப்படி நியாய வாடகையைக் குழு ஒன்று முடிவு செய்கிறது. சந்தை வாடகையை வைத்துத்தான் அந்தக் கணக்கு. கடையின் வியாபாரம் அதற்குள் வருவதில்லை. வருஷம் முழுக்க நடக்கும் கடைக்கு அது ஒருவேளை பொருந்தலாம். அருவியை நம்பிய தொண்ணூறு நாள் கடைக்குப் பொருந்தாது.

ஏலம் இல்லாமல் பொதுச் சொத்தைக் கொடுத்தால் ஊழல் வரும் என்பார்கள். சரியான கவலை. ஏலத்தை விட வேண்டியதில்லை. தொகைக்குப் பதில் சதவீதத்துக்கு ஏலம் விடலாம். 2006-ல் தில்லி விமான நிலையத்தைத் தனியாரிடம் கொடுத்தபோது போட்டி நடந்தது வருவாயில் எத்தனை சதவீதம் தருவீர்கள் என்பதில்தான், வென்றவர் 45.99 சதவீதம் தர ஒப்புக்கொண்டார். அத்தனை பெரிய சொத்துக்கு ஏற்ற முறை, பத்துக்குப் பத்து தகரக் கொட்டகைக்கும் ஏற்றதுதான்.

கோயிலுக்கும் பேரூராட்சிக்கும் நட்டம் வருமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எண்கள் உதாரணத்துக்குத்தான். இப்போது சீசனுக்கு 3 லட்சம் நிலையான வாடகை என்று வைத்துக்கொள்வோம். அதை 1.5 லட்சம் நிலையாகவும், விற்பனையில் 8 சதவீதமாகவும் பிரித்தால், 20 லட்சம் விற்ற சீசனில் 3.1 லட்சம் வரும். தடைமேல் தடை வந்து 9 லட்சம்தான் விற்றது என்றால் 2.22 லட்சம் வரும். நல்ல வருஷத்தில் கூடுதலாகக் கிடைத்து, கெட்ட வருஷத்தில் கொஞ்சம் குறையும். பேரூராட்சி அந்தக் குறைவைத் தாங்கும். வட்டிக்கு வாங்கிக் கடை போட்டவர் 3 லட்சத்தையும் கட்டிவிட்டு ஊருக்குத் திரும்புவதைவிட அது தாங்கக்கூடிய குறைவு.

இன்னொரு நன்மையும் உண்டு, அதைப் பலர் விரும்பமாட்டார்கள். ஏலம் எடுத்தவர் ஒருவர், கடையில் நின்று விற்பவர் வேறொருவர் என்பது உள்ளாட்சிக் கடைகளில் தமிழ்நாடு முழுக்கப் பேசப்படும் விஷயம். உள்வாடகைக்கு எடுத்தவர் கட்டுவது, பேரூராட்சிக்கோ கோயிலுக்கோ போய்ச் சேருவதைவிடப் பல மடங்கு இருக்கலாம். தினசரி விற்பனைக் கணக்கு கடையில் நிற்பவர் பெயரில் பதிவானால், நடுவில் இருப்பவருக்கு இடம் சுருங்கும். இந்தத் திட்டத்துக்கு முதல் எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று யூகிக்கக் கஷ்டமில்லை.

உழவர் சந்தையைப் பாருங்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய திட்டம். தென்காசியிலும் சந்தை இருக்கிறது. விவசாயியிடம் கடை வாடகை வாங்குவதில்லை. ஆனாலும் யார் எவ்வளவு காய் கொண்டுவந்தார் என்று தினமும் குறித்துக்கொள்கிறார்கள், விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். விவசாயி முகம் சுளிப்பதில்லை. அந்தக் கணக்கு தன்னைப் பிடிக்க வைத்த வலை அல்ல என்று அவருக்குத் தெரியும். இருபத்தைந்து வருஷப் பழக்கம் தந்த நம்பிக்கை அது. குற்றாலத்திலும் அந்த நம்பிக்கையைச் சம்பாதித்த பிறகுதான் சதவீதத்தைப் பற்றிப் பேச முடியும்.

ஆகவே பேரூராட்சிக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். 2019 நவம்பரில் பிறந்த புது மாவட்டம் தென்காசி. புதிதாக ஒன்றைச் செய்துபார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. அடுத்த ஏல அறிவிப்புக்கு முன், ஐந்தருவிச் சாலையில் ஒரே ஒரு வரிசைச் சிப்ஸ், பழக் கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். விருப்பப்பட்டு வருகிறவர்களை மட்டும் சேருங்கள். முதல் சீசனில் வாடகையைத் தொடாதீர்கள். தராசுக் கணக்கை மட்டும் திரட்டி, அவரவர் கணக்கை அவரவரிடம் வாரந்தோறும் காட்டுங்கள். குளிக்கத் தடை விழுந்த நாள்களையும் அதே தாளில் குறியுங்கள். சீசன் முடிந்ததும் கடைக்காரர்களைக் கூட்டி உட்காரவைத்து, அந்த எண்களை நடுவில் வைத்து, எத்தனை சதவீதம் நியாயம் என்று அவர்களிடமே கேளுங்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால், 'ஏதோ ஓடுது' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள், அண்ணாச்சி. தடை விழுந்த நாள்களின் கணக்கைக் கையோடு கொண்டுபோங்கள்.